மூன்றாம் அத்தியாயத்தை இடம் மாற்றிய இரவு

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை வேர்டில் தனிக் கோப்பாக எழுதியிருந்தேன். நேற்று இரவு அதை முழு ஆய்வேட்டுக்குள் கொண்டுவரும்போது, அவசரத்தில் 'எழுத்து மட்டும்' என்ற முறையில் ஒட்டிவிட்டேன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் கையாளும் ஜோட்டெரோ மென்பொருள் வழியாக இட்ட 64 மேற்கோள் குறிப்புகளும் வெறும் எழுத்தாகிவிட்டன. நூற்பட்டியலில் ஒன்றுகூட ஏறவில்லை. வயிற்றைப் பிசைந்தது.

ஜோட்டெரோ இடும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு ஃபீல்டு, அதாவது பின்னால் குறியீடு மறைந்திருக்கும் எழுத்து. ஆல்ட்டையும் எஃப்9-ஐயும் சேர்த்து அழுத்தினால் உள்ளிருக்கும் குறியீடு தெரியும். அதுவும் கூடவே வந்தால்தான் இணைப்பு நிலைக்கும். நல்லவேளை, பழைய கோப்பை அழிக்கவில்லை. மூல வடிவமைப்போடு மறுபடி ஒட்டி, ஜோட்டெரோவில் ரெஃப்ரெஷ் கொடுத்தேன். பட்டியல் நிரம்பியது.

அப்புறம் ஒன்று: கூகுள் டாக்ஸுக்கு மாற்ற இந்த வழி உதவாது. ஜோட்டெரோவின் ஆவண அமைப்புகளில் அதற்கென்றே தனி வசதி உண்டு. பிரதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.