வகுப்பில் பேசுகிற பையன்

“எடுக்காதீங்க மிஸ். வேணும்னா சத்தத்தைக் குறைச்சுக்குங்க.”

சொன்னது நான்தான். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. அன்றைக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாலே அந்தப் பேச்சு முழுவதும் மண்டைக்குள் மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

நடந்தது சின்ன விஷயம். ஆறாம் வகுப்பு, அறிவியல் பீரியட். பையனுக்கு செரிபிரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சொன்னபடி கேட்காத நிலை. வாய்ப்பேச்சு வராது. சக்கர நாற்காலியில் பொருத்திய டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத் தொட்டு வாக்கியம் சேர்த்து, கடைசியில் மேலே இருக்கும் பட்டையைத் தொட்டால் அது பேசும். அது பேசுவது வளர்ந்த பெண் ஒருவரின் குரலில். வகுப்புப் பசங்கள் அதற்கு ‘மெட்ரோ ஆன்ட்டி’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

மிஸ் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வழக்கமான கிசுகிசு. பக்கத்துப் பையன் தனக்கு லஞ்ச் லெமன் சாதம் என்று சொல்லியிருக்கிறான். இவன் அதற்குப் பதில் சேர்க்கத் தொடங்கினான். அவனுக்கு விரல் நிலையாக நிற்காது என்பதால் திரைமேல் கட்டத்துக்கு ஒரு துளையாக வெட்டிய பிளாஸ்டிக் தகடு மாட்டியிருக்கிறோம், கீகார்ட் என்போம். முதலில் மணிக்கட்டைத் தகட்டின் விளிம்பில் ஊன்றுவான். கை அடங்கும்வரை காத்திருப்பான். அப்புறம் விரலைத் துளைக்குள் இறக்குவான். தப்பான துளையில் இறங்கினால் எடுத்து, ஊன்றி, மறுபடி முதலிலிருந்து. இப்படி உணவுப் பக்கத்தைத் திறந்து, சாதத்தைத் தேடிப் பிடித்து, வாக்கியத்தை முடிப்பதற்குள் கிசுகிசு அடங்கிவிட்டது. மிஸ் திரும்பி நின்று, “தாவரங்கள் உணவை எப்படித் தயாரிக்கின்றன?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும். அப்போது மெட்ரோ ஆன்ட்டி கணீரென்று சொன்னார்: “எனக்குக் கொஞ்சம் லெமன் சாதம் தா.”

அவனுக்கு இந்தக் கருவியில் பேசப் பழக்குகிறவள் நான். அப்போது அங்கே இல்லை. பக்கத்துப் பையன் பின்னாடி எனக்கு நடித்தே காட்டினான். வகுப்பே கவிழ்ந்து சிரித்திருக்கிறது. மிஸ் முறைத்திருக்கிறார். இவனுக்கோ, நாற்பது பேரைத் தன் பேச்சு ஒரே நேரத்தில் சிரிக்க வைத்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. பட்டையை மறுபடி தொட்டான். மறுபடி சிரிப்பு. மறுபடி தொட்டான். மிஸ் வந்து டேப்லெட்டைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

லஞ்ச் பெல்லுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தபோது அது பீரோவில்தான் இருந்தது.

மிஸ் கெட்டவர் இல்லை. இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. அந்தப் பையனை மாடி வகுப்பில் போடாமல் கீழேயே வைக்கப் போராடியவர் அவர்தான். அவர் கேட்ட கேள்வியும் நியாயமானது.

“மத்த பசங்க பேசினா வாயை மூடுன்னு சொல்வேன் மேடம். இவன்கிட்ட என்ன சொல்றது?”

“இவன்கிட்டயும் அதையே சொல்லுங்க மிஸ்.”

“சொன்னேனே. சிரிச்சிட்டு திரும்ப அழுத்தறான்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பயிற்சி வகுப்புகளில் நாங்கள் மனப்பாடமாகச் சொல்வது ஒன்று உண்டு: கருவி குழந்தையின் குரல், அதைத் தண்டனையாகப் பிடுங்கக் கூடாது, பேசுகிற பிள்ளையின் வாயை பிளாஸ்திரி போட்டு ஒட்டுவீர்களா? கேட்க நன்றாக இருக்கும், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் பேசுகிற பிள்ளை அடங்காவிட்டால் வெளியே நிற்கச் சொல்வார் அந்த மிஸ். இவனை நாற்காலியோடு வராந்தாவில் தள்ளிவிட்டால் மட்டும் நான் சும்மா இருந்திருப்பேனா?

அவன் குறும்பு செய்தான் என்பது எனக்கு ஒரு பக்கம் கொண்டாட்டமாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் எதற்கெல்லாம் பேசுகிறார்கள் என்று 1988இல் ஜேனிஸ் லைட் என்ற ஆய்வாளர் நான்காகப் பிரித்தார்: தேவையைச் சொல்ல, தகவல் பரிமாற, நெருக்கம் வளர்க்க, மரியாதை காட்ட. எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. பள்ளிக்கூடம் முதலாவதையும் இரண்டாவதையும் ஏற்றுக்கொள்ளும். விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்கு நான்காவது ரொம்பப் பிடிக்கும். பிள்ளை ‘வணக்கம்’, ‘நன்றி’ பட்டனைத் தொட்டால் உடனே போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். லெமன் சாதம் மூன்றாவது வகை. பக்கத்துப் பையனிடம் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதற்காகத்தான் இவனைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்க அவன் அம்மா அலையாய் அலைந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

மிஸ்ஸிடம் நான் விளக்கியது வேறு. வேகக் கணக்கு. வாயால் பேசுகிறவர் நிமிடத்துக்கு 150 சொல் போல சர்வசாதாரணமாகப் பேசுவார். கருவி வழியாகப் பேசுகிறவர்களில் பலருக்கு 15ஐத் தொடுவதே பாடு. கிசுகிசு நடக்கும்போது ஆரம்பிக்கிற பதில், கிசுகிசு முடிந்த பிறகுதான் வெளியே வரும். மற்ற பசங்களும் இவனைப் போலவே பேசினார்கள், சத்தத்தோடு சத்தமாக அது கரைந்துவிட்டது. இவன் பேச்சு மட்டும் எப்போதும் அமைதியில் வந்து விழும். அதனால் எப்போதும் இவன்தான் மாட்டுவான்.

“அப்போ முதல் தடவை சரி” என்றார் மிஸ். “அடுத்தடுத்து அழுத்தினது?”

அதுவும் சரிதான்.

பிறகு அவர் சொன்னது: “அட்டைதான் பையில இருக்கே மேடம், அதுல காட்டட்டுமே.” டேப்லெட் சார்ஜ் போனால் இருக்கட்டும் என்று லேமினேட் செய்து கொடுத்த படப் பலகை அது. நல்ல பலகைதான், மழைக்காலத்தில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் பலகையில் அவன் எதைத் தொட்டாலும், யாராவது திரும்பிப் பார்த்தால்தான் அது பேச்சு. பார்க்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. டேப்லெட் அப்படியில்லை, நீங்கள் பார்க்காவிட்டாலும் கேட்கும். நீங்கள் கேட்க விரும்பாதபோதும் கேட்கும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவ்வளவு காசு கொடுத்து வாங்கியது.

இந்த வகைச் செயலிகளில் ‘ஆவாஸ்’ நம்ம சென்னையிலேயே பிறந்தது. அஜித் நாராயணன் இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யா சாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து அதை உருவாக்கினார், அதற்காக 2011இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழின் 35 வயதுக்குட்பட்ட கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இடம்பெற்றார். சட்டமும் கூடவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே இந்த மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளுக்கு மன உளைச்சல் தரக் கூடாது என்கிறது. இவற்றை நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டேப்லெட் உடனே திரும்பி வந்திருக்கும். அடுத்த வாரத்திலிருந்து அவனை யாரும் கேள்வி கேட்காமல் விட்டிருப்பார்கள். சட்டம் பேசினால் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். பிள்ளையைத் தொடவே பயப்படுவார்கள்.

அதனால்தான் அந்த வாக்கியம். எடுக்காதீங்க, குறைச்சுக்குங்க. மிஸ் உடனே ஒத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்றுகூட இருந்தது.

அவன் ஜன்னலோரம்தான் இருந்தான். ‘ஆமாம்’ என்றால் கண்ணை மேலே தூக்குவான், ‘இல்லை’ என்றால் கீழே பார்ப்பான். “கிளாஸ்ல சத்தம் கம்மியா இருக்கட்டும்டா, சரியா?” என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கண்ணை மேலே தூக்கினான். சரி, கேட்டாயிற்று, சம்மதித்தாயிற்று. ஆனால் நான் அதைக் கேட்டபோது டேப்லெட் இன்னும் பீரோவுக்குள். அவனிடம் அப்போது இருந்தது ஆமாம், இல்லை இரண்டு மட்டும். ‘மத்தவங்களுக்கும் குறைப்பாங்களா?’ என்று திருப்பிக் கேட்க வழியில்லை. முதலில் டேப்லெட்டை வாங்கி மாட்டிவிட்டு அப்புறம் பேசியிருக்கலாமே என்று என்னோடு வேலை செய்யும் பெண் சொன்னாள். மிஸ் எடுத்து வைத்ததை அவர் கண்ணெதிரிலேயே நான் எடுத்து மாட்டியிருந்தால் பேச்சே நடந்திருக்காது. வகுப்பு அவருடையது, நான் வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிறவள்.

இன்னொரு சங்கதி. டேப்லெட்டின் விளிம்பில் இருக்கும் வால்யூம் பட்டன் அவன் விரலுக்கு எட்டாது. எட்டினாலும் அழுத்த முடியாது. மிஸ் அந்தப் பொறுப்பைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்தார், அதே லெமன் சாதப் பையனிடம். எனக்கு அது பிடித்திருந்தது. பெல் அடித்ததும் அவன் கூட்டுவான், மிஸ் உள்ளே வந்ததும் குறைப்பான். இரண்டு பேருக்குள்ளும் ஏதேதோ ஒப்பந்தங்கள் வேறு.

ஒருநாள் அந்தப் பையனுக்குக் காய்ச்சல், லீவு. காலையில் குறைத்த சத்தத்தைக் கூட்ட யாருக்கும் தோன்றவில்லை. லஞ்ச் நேரம், பி.டி. பீரியட், வேன் எல்லாம் அப்படியே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து அவன் என்னமோ தொடுகிறான், ஒன்றும் சரியாகக் கேட்கவில்லையே, ரிப்பேரா என்று அவன் அம்மா எனக்குப் போன் செய்தார். சைடு பட்டனைப் பாருங்க என்றேன்.

அவன் வகுப்பில் இப்போது முன்னைவிடக் குறைவாகத்தான் பேசுகிறான். மிஸ்ஸுக்கு நிம்மதி, படிப்பில் கவனம் கூடியிருக்கிறது என்கிறார். மதிப்பெண்ணும் கூடியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆறாம் வகுப்பு முடிகிற நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் அடங்கத்தான் செய்வார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் வேறு மிஸ். புது ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்காலியை எங்கே போடுவது, கீகார்டை எப்படித் துடைப்பது, கேள்வி கேட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். சத்தம் பற்றிய வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ‘பாடம் நடக்கும்போது ஒலியளவைக் குறைத்து வைக்கலாம்’ என்று எழுதினேன். அப்புறம் ‘அவனிடம் கேட்டுவிட்டு’ என்று சேர்த்தேன். அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து, “கேட்டா, வேணாம்னு சொல்லிட்டான்னா?” என்றார்.

“அப்போ மிஸ் பார்த்து முடிவு பண்ணிக்குவாங்க” என்றேன்.

“அப்புறம் எதுக்குங்க அவன்கிட்ட கேக்கணும்?”

குறிப்பு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.