உப்புக் கரிசலில் பாக்டீரியா போட்ட கதை

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கடல் பக்கமாக எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல். மழை ஓய்ந்து வெயில் ஏறினால் பள்ளமான மூலையில் உப்புப் பூத்துவிடும். அங்கே பருத்தி முளைத்தாலும் இரண்டு இலையோடு கருகும். பருத்தி உப்பைத் தாங்கும் பயிர்தான், ஆனால் வேர் பிடித்த பிறகுதான் அந்தத் தெம்பு வரும்.

முதல் வருடம், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லம், மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா என்று இரண்டு பாக்டீரியா உரப் பாக்கெட்டுகளை வாங்கி, வண்டிப் பெட்டியில் போட்டு மூன்று நாள் வெயிலில் சுற்றினேன். அப்புறம் விதையில் கலந்து, மழைக்கு முன்பே புழுதி விதைப்பு. மழை வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. உயிருள்ள சரக்கு, கொதிக்கிற புழுதியில் என்ன ஆகும்? ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, கடை விதையில் ஏற்கெனவே பூஞ்சை மருந்து பூசியிருந்தது, அதுவும் பாக்டீரியாவுக்கு ஆகாது.

மறுவருடம் கருங்கண்ணி என்கிற நாட்டுப் பருத்தி விதை. பஞ்சு ஒட்டியிருந்ததால் அம்மா சாணிப்பாலில் பிசைந்து உருட்டினார். ஆறிய வடிகஞ்சியில் பாக்கெட்டைக் கரைத்தேன். "கரித்தூளுக்கா காசு கொடுத்தே?" என்றார் அம்மா. பழுப்பு நிலக்கரித் தூளில்தான் பாக்டீரியாவை ஏற்றி விற்கிறார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். விதையில் தடவி அரை மணி நேரம் நிழலில் உலர்த்தினோம்.

இந்தத் தடவை மழை பெய்து ஈரம் இறங்கும்வரை காத்திருந்தேன். ஏக்கருக்கு இரண்டிலும் நாலு நாலு 200 கிராம் பாக்கெட், மக்கிய தொழு உரத்தில் கலந்து, வெயில் தாழ்ந்ததும் சாலில் தூவினேன். உரம் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. நாலு சாலில் மட்டும் பாக்டீரியா போடாமல் வெறுமனே விட்டேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடி பிடுங்கிப் பார்த்தேன். வெறும் சால் செடிக்கு ஒற்றை ஆணிவேர். மற்றதில் சல்லிவேர் மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தது. பூக்கும் சமயம் மழை ஏமாற்றியபோது, இலையில் வாழ்ந்து செடி வறட்சியைத் தாங்க உதவும் பிபிஎஃப்எம் பாக்டீரியாவை, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வீதம், சாயங்காலம் தெளித்தேன்.

உப்பு போகவில்லை, அது எங்கே போகும்? பள்ளத்து மூலையில் பாதிச் செடி போய்விட்டது. மீதிப் பாதி காய் பிடித்தது. அந்த மூலையில் நாங்கள் பருத்தி எடுத்தது அதுதான் முதல் தடவை.

பாக்கெட் இப்போதெல்லாம் வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நிழலில் இருக்கிறது.