ஜூன் 30 வரை எண்ணிய கதை

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பராமரிப்பு வேலைக்காகக் கும்பகோணத்திலிருந்து நான் வந்து இறங்கியது 2023 அக்டோபர் 10. இந்தத் தேதியை அப்புறம் எத்தனை தாளில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

சம்பளம் மாதம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) என்று பேச்சு. நவம்பர்ச் சம்பளச் சீட்டைப் பிரித்தால் பிசிபி என்ற மாதாந்திர வருமான வரிப் பிடித்தக் கட்டத்தில் 1,500 வெள்ளி பிடித்திருந்தார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "வெளிநாட்டுக்காரருக்கு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அது பாதிப் பதில்தான்.

மீதிப் பாதி கிடைத்தது ஒட்டுக்கடையில். ஞாயிறு காலை பசியாற வரும் பெரியவர் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "நீ எந்த நாட்டு ஆளுன்னு வரிக்காரன் பார்க்கிறதில்லை தம்பி. எத்தனை நாள் இங்க இருந்தேன்னு பார்ப்பான். என் மகன் நீல அடையாள அட்டைக்காரன், இந்த நாட்டுக் குடிமகன். சிங்கப்பூர்ல வேலை. இங்க அவன் ரெசிடென்ட் இல்லை, தெரியுமா?" என்றார்.

கணக்கு இதுதான். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ மலேசியாவில் இருந்தால் வரிக்கு நீங்கள் குடியிருப்பாளர். ராத்திரி பத்து மணிக்கு விமானம் இறங்கினாலும் அது ஒரு முழு நாள். குடியிருப்பாளர் இல்லையென்றால் சம்பளத்தின் முதல் வெள்ளியிலிருந்தே 30 சதவீதம், கழிவு எதுவும் கிடையாது. குடியிருப்பாளருக்குச் சொந்தக் கழிவு 9,000 வெள்ளி போக, மிச்சத்துக்குப் படிப்படியாகத்தான் வரி ஏறும்.

விரல் விட்டு எண்ணினேன். அக்டோபரில் 22, நவம்பரில் 30, டிசம்பரில் 31. மொத்தம் 83 நாள். போச்சு என்று நினைத்தேன்.

கிராணி ஐயா விடவில்லை. அந்த 83 நாள் அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக இருக்கும் 182 நாளோடு ஒட்டிக்கொண்டால் 2023க்கும் நான் குடியிருப்பாளர்தான் என்றார். டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் எனக்கு ஆலையில் ஷிப்டு. ஆக, ஒட்டு விட்டுப்போகவில்லை. 2024 லீப் ஆண்டு என்பதால் 182ஆவது நாள் ஜூன் 30இலேயே வந்துவிடும். சாதாரண ஆண்டாக இருந்தால் ஜூலை 1.

நடுவில் ஊருக்குப் போனால்? உறவினரைப் பார்க்க, சுற்றிப் பார்க்க என்று போகும் நாளெல்லாம் சேர்த்து 14க்கு மேல் போகாதவரை தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ள மாட்டார்கள். வேலை நிமித்தமாகவோ, தனக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ உடம்பு சரியில்லை என்றோ போவது வேறு கணக்கு. ஆலை நண்பர்கள் தாய்லாந்தின் ஹாட் யாய்க்குக் கிளம்பியபோது நான் ஏன் வரவில்லை என்று யாருக்கும் விளங்கவில்லை. என்னுடைய 14 நாளைச் சித்திரைக்காகச் சேமித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11 இரவு கிளம்பி, 24 காலை திரும்பினேன். வெளியே இருந்தது 12 நாள். கோயில் திருவிழா வரை இரு என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். வரிக்காகத் திருவிழாவை விட்டு வருகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் 2023க்கான படிவம் தாக்கல் செய்யும் நேரம் வந்தது. மின்வழி தாக்கலுக்கு மே 15 வரை அவகாசம். ஜூன் 30 இன்னும் வராததால், வரி அலுவலக முகப்பில் இருந்த பெண்மணியின் யோசனைப்படி முதலில் குடியிருப்பாளர் அல்லாதவருக்கான 'எம்' படிவத்தையே போட்டேன். ஜூலையில் திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினேன். கூடவே கடப்பிதழின் எல்லாப் பக்கத்தின் நகலும் (வெற்றுப் பக்கங்கள் உட்பட), வேலை பெர்மிட், இஏ படிவம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கு), வந்த தேதி போன தேதி எழுதிய அட்டவணை.

அங்கேதான் வந்தது வினை. ஏப்ரல் மாத நுழைவு முத்திரையில் மை கலங்கியிருந்தது. 24 என்றும் படிக்கலாம், 29 என்றும் படிக்கலாம். 29 என்றால் வெளியே இருந்தது 17 நாள், ஒட்டு அறுந்துவிடும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போர்டிங் பாஸை நான் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தேன்.

வழி சொன்னது மறுபடியும் கிராணி ஐயாதான். "செக்ரோல்ல பேர் இருக்கும்ல?" செக்ரோல் என்றால் ஆட்களின் வருகைப் பதிவேடு; முப்பது வருஷம் அதை எழுதியவருக்குத்தானே அது தோன்றும். ஏப்ரல் 25 காலை ஷிப்டுக்கு நான் வந்த பதிவை ஆலையில் முத்திரையோடு நகலெடுத்து வாங்கினேன். மின்னஞ்சலில் கிடந்த விமானச் சீட்டையும் அச்செடுத்துச் சேர்த்தேன். அதிகாரி இரண்டையும் கடிதத்தோடு பின் அடித்து வாங்கிக்கொண்டார்.

2023இல் எனக்கு வந்த சம்பளம் 13,548 வெள்ளி. 9,000 கழித்தால் 4,548. முதல் 5,000க்கு வரி சுழியம். பிடித்த 4,064 வெள்ளியும் செப்டம்பரில் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் கும்பகோணத்து ஆடிட்டரிடமிருந்து போன். அங்கே ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நான் கிளம்பிய நாள் வரை எண்ணினால் 193. "அந்த வருஷத்துக்கு நீங்க இங்கேயும் ரெசிடென்ட்தான் சார். மலேசியாச் சம்பளத்தையும் காட்டணும். ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு, பார்த்துக்கலாம்" என்றார்.

கிராணி ஐயாவிடம் போய்ச் சொன்னேன். தே ஓவை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அந்தக் கடப்பிதழ் நகல் இன்னொரு செட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.