புள்ளி போனால் ‘பாட்டு’ ‘பாடடு’

சென்னையில் சொந்தமாக டிசைன் செய்து விற்கும் பெண்கள் பலருக்கு ஸ்டுடியோ என்பது சாப்பாட்டு மேசையும் துணி காயும் பால்கனியும்தான். தனியாகப் பாடும் தோழியின் கச்சேரியில் விற்க 50 துணிப்பையை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சடிக்க அந்த இடமே போதும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைதான் ஸ்கிரீன்; படமும் எழுத்தும் இருக்கும் இடத்தில் மட்டும் வலைக்கண் திறந்திருக்கும், அதன் வழியே மை துணிக்கு இறங்கும். போதாதது ஒன்றுதான், உலர்ந்த காற்று. யூட்யூபில் சொல்லும் நேரக்கணக்கெல்லாம் வேறு ஊர்க் காற்றுக்குப் போட்டது.

பையில் ஒரு படம், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘பாட்டு’, எல்லாம் ஒரே கறுப்பு நிறம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ‘ட்’ தலையில் இருக்கும் புள்ளியைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனில் எது கெட்டாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

துணிக்கு 43டி மெஷ் (வலை) எடுங்கள். சென்டிமீட்டருக்கு 43 இழை. 1 மி.மீ. புள்ளி வைத்தால் அதற்குள் நாலு இழைதான் வரும். வட்டம் வட்டமாக நிற்காது. புள்ளியை 2 மி.மீ. ஆக்கிவிடுங்கள். ஃபாண்டில் இருப்பதை அப்படியே நம்பாமல், புள்ளியை மட்டும் கையால் பெரிதாக்குவதில் தப்பில்லை. ‘ழ’, ‘ண’ சுழிகளின் உள்வெளியையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மை அடைத்துக்கொள்ளும்.

காடா துணிப் பையில் கஞ்சி இருக்கும். 50 வேண்டுமென்றால் 55 வாங்கி, சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சியோடு அடித்தால் மை இழைக்குள் இறங்காமல் மேலேயே உட்காரும், முதல் சலவையில் உரியும். துணி சுருங்குவதும் அச்சுக்கு முன்பே நடந்து முடியட்டும்.

ஸ்கிரீனில் பூசும் பசைதான் எமல்ஷன்; வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படம் மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து திறக்கும். அதில் டயஸோ வகை வாங்குங்கள். பழைய கடைகளில் டைகுரோமேட் பொடியை மலிவாகக் கொடுப்பார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் உப்பு, சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. துணியில் படும் அச்சுப் பக்கம் ஒரு கோட், மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜி படும் பக்கம் ஒரு கோட், பிறகு அச்சுப் பக்கம் கீழே இருக்கப் படுக்கவைத்து இருட்டில் காயவிட வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். இருட்டுக்காக ஸ்கிரீனைக் குளியலறையில் வைப்பார்கள். இருட்டு சரி, ஈரம்? ஐப்பசி, கார்த்திகையில் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். தண்ணீர் இருக்கிற வரை வெளிச்சம் பட்டாலும் எமல்ஷன் முழுதாக இறுகாது. கழுவும்போது வழவழவென்று கரைந்து, புள்ளி ஊதிப்போகும். உடனே எக்ஸ்போஸ் நேரத்தை, அதாவது வெளிச்சம் காட்டும் நேரத்தை, கூட்டுவார்கள். அப்போது ஓரத்தில் வெளிச்சம் உள்ளே புகுந்து புள்ளி மூடிக்கொள்ளும்; அடிப்பகுதியோ இன்னும் இளகியே இருக்கும். கோளாறு ஈரத்தில், வைத்தியம் வெளிச்சத்துக்கு! ஃபேன் போட்டாலும் அதே ஈரக்காற்றைத்தான் சுற்றிவிடும். ஜன்னலை மூடி, ஏசியை ட்ரை மோடில் வைத்து, அந்த அறையில் ஓர் இரவு விடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்து, 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு எக்ஸ்போஸ் செய்யுங்கள்.

வெயிலில் எக்ஸ்போஸ் செய்யலாம்தான், ஒரு மேகம் போனால் கணக்கு போயிற்று. 50 வாட் யுவி எல்இடி ஃப்ளட் விளக்கை ஒன்றேகால் அடி உயரத்தில் கட்டினால் நேரம் மாறாது. முதல் ஸ்கிரீனில் அட்டையால் மறைத்து, 20 விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி டெஸ்ட் எடுங்கள். எந்தப் பட்டையில் புள்ளி முழுதாகத் திறந்து, உள்பக்கம் வழவழப்பும் இல்லாமல் இருக்கிறதோ அதுதான் உங்கள் நேரம். படத்தைக் கறுப்பில் பிரிண்ட் எடுத்த கண்ணாடித்தாள்தான் ஃபிலிம். அதன் டோனர் பக்கம், அதாவது கறுப்பு படிந்த பக்கம், ஸ்கிரீனின் அச்சுப் பக்கத்து எமல்ஷனில் ஒட்டியிருக்க வேண்டும். அச்சுப் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து தலைகீழாக அல்ல, இடவலம் மாறித் தெரியும். மேலே கனமான கண்ணாடி வையுங்கள். கழுவ, டாய்லெட்டில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட்டை மிஞ்சிய கருவி கிடையாது.

மைக்கு, நிறத்தைத் துணியில் பிடித்து வைக்கும் பசையான பைண்டர் அரைக் கிலோ போதும். அதில் 20 கிராம் கறுப்பு பிக்மென்ட் (நிறம்), சலவையில் போகாமலிருக்க 8 கிராம் ஃபிக்ஸர். கறுப்பு போதவில்லை என்று பிக்மென்ட்டை அள்ளிப் போட்டால் பைண்டர் அதைப் பிடித்து வைக்காது. சட்டையில் தேய்த்தால் ஒட்டும். ஃபிக்ஸர் கலந்ததை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது.

பைக்குள் அட்டை செருகுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கமும் ‘பாட்டு’தான். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. ஸ்க்வீஜியை 45 டிகிரி சாய்த்து இரண்டு இழுப்பு. அடித்ததும் மெஷ் மேல் மையை மெல்லப் பரப்பி மூடி வைத்துவிட்டு அடுத்த பையை எடுங்கள். திறந்து கிடந்தால் சித்திரை வெயிலில் சில நிமிடத்தில் மை காய்ந்து அடைக்கும். ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும், வியர்வைக்கு வழியில்லை. ஐந்து பைக்கு ஒருமுறை முதல் பையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி சிறுத்திருந்தால் ஈரத்துணியால் அடியில் துடைத்து, பழைய துணியில் இரண்டு அச்சு விட்டுத் தொடருங்கள்.

ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள், காயட்டும். பிறகு பட்டர் பேப்பர் வைத்து, நீராவி இல்லாமல், காட்டன் சூட்டில் இடத்துக்கு 4 நிமிடம் இஸ்திரி. மூன்று நாள் கழித்து ஒரு பையைத் துவைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதைக் கட்ட வேண்டும்.

விலை பேசும்போது, “வீட்லதானே பண்றீங்க, பத்து பை சும்மா போட்டுக் குடுங்களேன்” என்பார்கள். ஃபிலிம், கோட்டிங், டெஸ்ட், கழுவல் எல்லாம் பத்துக்கும் ஐம்பதுக்கும் ஒன்றுதான். அந்தச் செலவைத் தனி வரியாக எழுதுங்கள், பாதிப் பணம் முன்பணம். கைவேலையை விற்றுக் கலையை நடத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல: ஓவியர்கள், சிற்பிகள் சேர்ந்து 1966இல் சென்னையில் தொடங்கிய சோழமண்டல் கலைஞர் கிராமத்துக்கு, பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய) துணி விற்ற காசும் நிலமாயிற்று.

அச்சடிக்கும்போது பக்கத்தில் பூஜ்ய நம்பர் பிரஷ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி விழாத பையை ஒதுக்க வேண்டாம். மை காய்வதற்குள் அதே மையைத் தொட்டு ‘ட’ தலையில் வைத்துவிடலாம்.