ஏழாம் எண் சட்டையும் மேலாளர் நாற்காலியும்

பதினொரு ஆண்டுகள் ஒரே தொழிற்கூடத்தில் இயந்திரம் இயக்கியவன் நான். அதே பிரிவுக்கு மேற்பார்வையாளராக உயர்த்தப்பட்ட முதல் வாரத்தில், தேநீர் இடைவேளையின்போது வழக்கமாக உட்காரும் பெஞ்சை நெருங்கியதும் பேச்சு நின்றது; ஒருவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். அதுவரை எனக்காக யாரும் எழுந்ததில்லை, சற்றுத் தள்ளி உட்காருவார்கள், அவ்வளவுதான். கால்பந்து வீரர் கென்னி டால்கிளிஷைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். அவருடைய கோல்களை முன்பே அறிவேன். உடன் ஆடியவர்களுக்கே ஒருநாள் மேலாளராகிவிட்ட மனிதர், அந்த இடத்தில் எப்படி நின்றார் என்பதே இப்போது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவர் 1951இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் டால்மார்னக் பகுதியில் பிறந்தவர். ரேஞ்சர்ஸ் அணியின் மைதானத்துக்கு அருகில், அந்த அணியின் ரசிகராகவே வளர்ந்தவரை 1967இல் ஒப்பந்தம் செய்தது அதன் பரம எதிரியான செல்டிக். அங்கே மேலாளராக இருந்த ஜாக் ஸ்டீன், இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். புதிதாக வந்த பையனை முதலில் கம்பர்நால்ட் யுனைடெட் என்ற சிறிய அணிக்கு அனுப்பிவைத்தார்கள். அக்காலத்தில் அவர் தச்சு வேலையும் பழகிக்கொண்டிருந்தார். பெரிய அணிக்கு வந்த பின்னும் வேலையைக் கற்றுக்கொள்பவரின் பொறுமை அவரிடம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1977இல் 4,40,000 பவுண்டுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் அணி அவரை வாங்கியது. பிரிட்டிஷ் அணிகளுக்கிடையே அதுவரை கைமாறாத தொகை அது. கெவின் கீகன் விட்டுச்சென்ற ஏழாம் எண் சட்டை அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், புரூஹே அணியின் கோல்காப்பாளர் தரையில் சாயும்வரை ஒரு நொடி பொறுத்திருந்து, அவருக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் போட்டார். அந்த ஒரு கோலே வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது.

1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் யுவென்டஸ் அணியுடன் ஆடவிருந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன் ரசிகர்களிடையே நேர்ந்த மோதலிலும் நெரிசலிலும் 39 பேர் உயிரிழந்தார்கள். லிவர்பூல் மேலாளர் ஜோ ஃபேகன் அந்த ஆட்டத்தோடு ஓய்வுபெற, அவர் இடத்துக்கு 34 வயது டால்கிளிஷின் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆட்டத்தையும் அவர் விடவில்லை. ஆட்டக்காரர், மேலாளர் என்ற இரண்டு பொறுப்புகளையும் ஒருவரே சுமக்க வேண்டும். நானும் ஒரு பொறுப்பை ஏற்றவன்தான். ஆனால் துக்கம் கவிந்திருந்த ஒரு வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டவர் அவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அப்போது அணித் தலைவராக இருந்தவர் ஃபில் நீல். டால்கிளிஷுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே லிவர்பூலுக்கு வந்து, கோப்பைகளைக் குவித்தவர். புதிய மேலாளர் தலைமைப் பொறுப்பை ஆலன் ஹேன்சனிடம் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நீல் போல்டன் அணிக்குச் சென்றுவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு நீலின் மீதும் பரிவு வந்தது, டால்கிளிஷின் மீதும் வந்தது. நேற்றுவரை ஒரே உடைமாற்றும் அறையில் காலணி கழற்றியவரிடம் இப்படிப்பட்ட முடிவைச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தரப்படுவதில்லை. அவரிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று: தன் பெயரையும் மற்றவர்களின் பெயரைப் போலவே எடைபோட்டு, பல ஆட்டங்களில் தன்னை வெளியே நிறுத்தி இளையவரான பால் வால்ஷை ஆடவிட்டார். முன்னாள் மேலாளர் பாப் பெய்ஸ்லியை ஆலோசகராக அருகில் வைத்துக்கொண்டார். ரோனி மோரன், ராய் எவன்ஸ் போன்ற பழைய பயிற்சியாளர்களையும் அப்படியே தொடரவிட்டார். புதிதாகப் பதவிக்கு வருபவர் முதலில் செய்யத் துடிப்பது பழையவர்களை மாற்றுவதுதான் என்பதை என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் மீண்டும் களத்துக்கு வந்தார். 1986 மே 3 அன்று லண்டனில் செல்சியின் மைதானத்தில், ஜிம் பெக்லின் தூக்கிக் கொடுத்த பந்தை மார்பில் வாங்கி, அது தரையைத் தொடும் முன்பே வலைக்குள் உதைத்தார். 1–0. லீக் பட்டம் லிவர்பூலுக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து அதே நகரின் எதிரணியான எவர்டனை 3–1 என வென்று, இங்கிலாந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தார்கள்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியுடனான அரையிறுதி ஆட்டம் தொடங்கும் வேளையிலேயே, கம்பி வேலியிட்ட பார்வையாளர் பகுதிக்குள் மக்கள் நசுங்கத் தொடங்கினார்கள். அந்த நெரிசல் இறுதியில் 97 உயிர்களைக் கொண்டுபோனது. ஒலிபெருக்கியில் கூட்டத்தை அமைதிகாக்கச் சொன்ன குரல் டால்கிளிஷுடையது. அதன்பின் வந்த நாட்களில் மருத்துவமனைப் படுக்கைகளின் அருகிலும், லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்து அழுத குடும்பங்களின் நடுவிலும் அவர் இருந்தார். ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனதும் உண்டு. அவருடைய மனைவி மரீனாவும் வீரர்களின் மனைவியரும் உடன் நின்றார்கள். மேலாளரின் பணி ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு வரியும் இருந்திருக்காது. அந்த மாதங்களில் யாருடைய தோளில் அவர் தலைசாய்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

1990இல் மீண்டும் லீக் பட்டம் வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. 1991 பிப்ரவரி 20 அன்று குடிசன் பார்க்கில் எவர்டனுடன் எஃப்.ஏ. கோப்பை மறு ஆட்டம். லிவர்பூல் நான்கு முறை முன்னிலை பெற்று நான்கு முறையும் அதை இழந்தது, 4–4. தற்காப்பைப் பலப்படுத்த ஒரு மாற்றம் செய்ய வேண்டும் என்பது தனக்குத் தெரிந்திருந்தும், அதைச் செய்ய முடியாமல் நின்றதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பதவி விலகினார். அணி அப்போது லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

இந்த இடத்தை நான் பல முறை திரும்பப் படித்தேன். மேற்பார்வையாளரான மூன்றாம் ஆண்டில், ஒரே நாளுக்கு விடுப்புக் கேட்டு இருவர் கொடுத்த விண்ணப்பங்கள் என் மேசையில் கிடந்தன. ஒருவர் வீட்டில் காதுகுத்து, மற்றவர் தாயாருக்குக் கண் அறுவை சிகிச்சை. எதில் கையெழுத்திட வேண்டும் என்பது தெளிவாகவே தெரிந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த ஷிப்ட்டுக்கான மணி அடிக்கும்வரை அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நகரவில்லை. அது சோம்பலும் அல்ல, பயமும் அல்ல. எத்தனையோ மாதங்களாக மற்றவர்களுக்காக முடிவெடுத்தே ஓய்ந்துபோன நிலை அது என்று எனக்கு விளங்கவைத்தது டால்கிளிஷின் அந்த இரவுதான். மறுநாள் காலையில் மேலதிகாரியிடம் போய், மூன்று வாரம் எனக்கு விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். அவர் காரணம் கேட்டார், உள்ளதைச் சொன்னேன்.

டால்கிளிஷ் அதே ஆண்டு அக்டோபரில் வேலைக்குத் திரும்பினார், இரண்டாம் நிலைப் பிரிவில் இருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிக்கு. பிறகு நியூகாசில், மீண்டும் செல்டிக், 2011இல் மறுபடியும் லிவர்பூல் என்று அவருடைய பணி நீண்டது. அவற்றில் சில இடங்களில் கசப்பும் இருந்தது. பிளாக்பர்னோ ஓர் ஆண்டுக்குள் மேல்பிரிவுக்கு ஏறியது, ஆலன் ஷியரர் வந்து சேர்ந்தார். 1995 மே 14 அன்று பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அந்த அணி செல்ல வேண்டியிருந்த இடம் ஆன்ஃபீல்டு. தான் விலகிச் சென்ற அதே மைதானத்தில், இம்முறை எதிரணி மேலாளராக அவர் நின்றார். கடைசி நிமிடத்தில் ஜேமி ரெட்நாப் அடித்த ஃப்ரீ கிக் கோலாக, பிளாக்பர்ன் 2–1 எனத் தோற்றது. ஆனால் லண்டனில் வெஸ்ட் ஹாமுடன், பட்டத்துக்குப் போட்டியிட்ட மான்செஸ்டர் யுனைடெட் சமன் செய்துவிட்ட செய்தி வந்து சேர்ந்தது, பட்டம் பிளாக்பர்னுக்கே. தங்கள் அணி வென்ற ஆட்டத்தின் முடிவில், ஆன்ஃபீல்டு மக்கள் எதிர்ப் பக்கத்தில் நின்ற அந்த மேலாளருக்காக ஆரவாரம் செய்தார்கள்.