பொய்க் கார்டைக்கூடப் பிடித்துவிடலாம்

2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்தபோது நாடே சிரித்த ஒரு செய்தி ஞாபகம் இருக்கிறதா? கோவைப் பக்கம் ஒரு ஊராட்சியில் பாஜக வேட்பாளருக்கு மொத்தமே ஒரு ஓட்டு, வீட்டு ஆட்கள்கூடப் போடவில்லை என்று. ட்விட்டரில் ட்ரெண்டிங், மீம் மேல் மீம், வடக்கே இருப்பவர்கள்வரை பகிர்ந்து தள்ளினார்கள்.

அந்த ஒரு ஓட்டு உண்மைதான். அவர் பாஜக இளைஞரணியில் பொறுப்பில் இருந்ததும் உண்மை. ஆனால் அவர் நின்றது ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னமே கிடையாது, யார் நின்றாலும் கணக்குப்படி சுயேச்சைதான். இவருக்குக் கிடைத்தது கார் சின்னம். அப்புறம், அவர் நின்றது ஒன்பதாவது வார்டில், அவருக்கும் குடும்பத்துக்கும் ஓட்டு இருந்தது நாலாவது வார்டில். அவரே இதை விளக்கிச் சொன்னார், எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது. வீட்டு ஆட்கள் போட நினைத்தாலும் போட முடியாது, ஏன், அவரே அவருக்குப் போட முடியாது. ஒரு ஓட்டு வாங்கியது தோல்விதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் நாம் சிரித்தது தோல்விக்காக இல்லையே, பெண்டாட்டிகூடப் போடவில்லை என்கிற கதைக்காகத்தானே. பாஜகவைப் பிடிக்காதவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், உங்களுக்குப் பிடித்த கட்சிக்கும் இதே மாதிரி ஒன்று வந்திருக்கும், அன்றைக்குச் சிரித்தது வேறு ஆட்களாக இருந்திருப்பார்கள்.

இந்த வகைதான் எனக்குப் பெரிய தலைவலி, ஏனென்றால் இதில் போலி என்று முத்திரை குத்த எதுவுமே இல்லை. முழுப் பொய்யாகச் செய்ததைப் பிடிப்பது அதைவிட ரொம்பச் சுலபம்.

நம்ம ஊரில் அரசியல் பொய் பெரும்பாலும் சதுரமாகத்தான் வருகிறது. நியூஸ் கார்டை, அதாவது சேனல்கள் ஒரு செய்தியை ஒரே படத்தில் அடித்துப் போடுவதைச் சொல்கிறேன். தந்தி டிவி, புதிய தலைமுறை, நியூஸ்7 என்று எல்லாச் சேனல் பெயரிலும் போலிக் கார்டு சுற்றியிருக்கிறது. பெரும்பாலும் அசல் கார்டு ஒன்றை எடுத்து, வாசகத்தை மட்டும் பூசி அழித்துவிட்டு, மேலே வேறு வாசகம் அடித்திருப்பார்கள். போனில் பெரிதாக்கிப் பாருங்கள். அசலில் பின்னணி நிறம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு போகும், போலியில் எழுத்துக்குப் பின்னால் மட்டும் ஒரே நிறத்தில் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். எழுத்துரு இன்னொரு தடயம். சேனல்காரர்கள் ஒரே எழுத்துருவைத்தான் நாள் முழுக்கப் பயன்படுத்துவார்கள், போலி செய்கிறவர் போன் ஆப்பில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவார், வரி உடைகிற இடமும் அசிங்கமாக இருக்கும். ஆனால் இதையெல்லாம் வைத்து முடிவு கட்டாதீர்கள், நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கார்டில் இருக்கிற தேதியை எடுத்துக்கொண்டு அந்தச் சேனலின் ஃபேஸ்புக், எக்ஸ் பக்கத்தில் அதே நாளுக்குப் போய்ப் பார்ப்பதுதான் உறுதியான வழி. பெரிய விஷயமாக இருந்தால் சேனலே அந்தக் கார்டின் மேல் ‘போலி’ என்று சிவப்பில் குத்திப் போட்டிருக்கும். தேதியையே வெட்டிவிட்டு வந்தால்? அப்போது அது பழைய கார்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கூட்டணி உடைந்தது, சேர்ந்தது மாதிரிச் செய்திகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படித்தான் மறுபிறவி எடுக்கும். (மழை விடுமுறைக் கார்டும் இதே கதைதான், நவம்பர் வந்தால் போன வருஷத்துக் கலெக்டர் இந்த வருஷமும் லீவு விடுவார்.)

மேடைப் பேச்சு கிளிப்பில் வேறு தந்திரம். எதிர்க்கட்சிக்காரர் சொல்வதைத் தன் குரலிலேயே ஏற்ற இறக்கத்தோடு நீட்டி முழக்கிவிட்டு, கடைசியில்தான் ‘என்று சொல்கிறார்கள்’ என்று முடிப்பது நம் பேச்சாளர்கள் வழக்கம். அந்த ‘என்று’க்கு அரை நொடி முன்னால் வெட்டினால் போதும், அவரே அப்படிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். எடிட்டிங் திறமையே தேவையில்லை. அதனால் இருபது நொடி கிளிப் ஒன்று சட்டென்று அறுந்து நின்றால் எனக்கு உடனே சந்தேகம்தான். பெரிய தலைவர்களின் செய்தியாளர் சந்திப்பும் பொதுக்கூட்டமும் பெரும்பாலும் முழுசாக யூடியூபில் கிடக்கிறது, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டால் அந்த இடம் சிக்கிவிடும்.

வீடியோ என்றால் 2023 மார்ச்சை மறக்க முடியாது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்தன, சரியாக ஹோலிக்கு முன்னால். அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு வீடியோவிலேயே வந்து மறுத்தார்: ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களே மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. அடி உண்மை, ரத்தம் உண்மை, மேலே எழுதியிருந்த கதை மட்டும் பொய். இதே சமயத்தில் கட்டுப்போட்ட இரண்டு பேர் பேசுகிற ஒரு வீடியோவும் வந்தது, அது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீஸே சொன்னது. பீகார் அரசு நாலு பேர் குழுவை அனுப்பிப் பார்த்தது, அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின், பீகாரில் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம் போனில் பேசினார், இத்தனைக்கும் நடுவில் திருப்பூர் கம்பெனிகளில் மெஷினை விட்டுவிட்டு ரயில் ஏறியவர்களும் உண்டு. ஹோலிக்குப் போனவர் யார், பயந்து போனவர் யார் என்று பிரிப்பதே கஷ்டமாக இருந்தது.

அந்த மாதிரி வீடியோ வந்தால் முகத்தைப் பார்க்காமல் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். கடைப் பலகை என்ன மொழி, பஸ் என்ன நிறம், வண்டி நம்பர் என்ன. டிஎன் 39 என்றால் திருப்பூர் வடக்கு, டிஎன் 38 என்றால் கோவை வடக்கு. நிறுத்தி நிறுத்தி நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் அதே காட்சி இதற்கு முன்னால் எப்போது, எந்த ஊர்ப் பெயரோடு வந்தது என்று பல சமயம் தெரிந்துவிடும்.

ஏஐ பற்றிக் கேட்பார்கள். 2018இல் மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் ஏஐ உருவில் ஒரு விழாத் திரையில் வாழ்த்துப் பேசினார், அடுத்த மாதம் அதிமுக ஜெயலலிதா குரலை அதே வழியில் கொண்டுவந்தது. இரண்டும் கட்சிகளே தெரிந்து செய்தவை, யாரும் ஏமாறவில்லை. பயம் நியாயமானதுதான், ஆனால் நம் குரூப்புகளில் வருகிற சரக்குக்கு இன்னும் ஏஐ வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் எண்ணம். கத்தரியே போதுமானதாக இருக்கிறது.

தேட நேரமில்லை என்றால் யூடர்ன், ஃபேக்ட் கிரெசண்டோ தமிழ், நியூஸ்செக்கர் தமிழ் பக்கங்களில் பாருங்கள், வைரலானதை அநேகமாகச் சரிபார்த்திருப்பார்கள். மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபியும் மாநில அரசின் சரிபார்ப்பகமும் ‘பொய்’ என்று சொன்னால் அதை அரசின் மறுப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன், தீர்ப்பு என்று இல்லை. மத்திய அரசைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று அரசின் குழுவே முடிவு செய்யலாம் என்ற விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் இதனால்தான் எனக்குச் சந்தோஷம். மாநிலத்துக்கும் அதே அளவுகோல்தான்.

தேர்தல் கணக்கு என்றால் இவர்கள் யாருமே தேவையில்லை. சொத்து, வழக்கு விவரம் வேட்பாளரே கொடுத்த பிரமாண பத்திரத்தில் இருக்கும், தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20இல் இருக்கும். எரிச்சலான வேலைதான், பல தொகுதிகளுக்கு ஸ்கேன் செய்த பிடிஎஃப், ஸ்கேலை வைத்து வரி பிடித்துப் படிக்க வேண்டும். எங்கள் குடும்பக் குரூப்பில் சித்தப்பா, நம்ம பூத்தில் அந்தக் கட்சிக்கு ஒரு ஓட்டுகூட இல்லை என்று ஒரு கார்டை ஃபார்வர்ட் செய்தார். ‘சித்தப்பா, இதைப் பாருங்க’ என்று படிவத்தில் எங்கள் பூத் வரியை வட்டம் போட்டு அனுப்பினேன், ஏழு ஓட்டு இருந்தது. கார்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு பேர் யார் யார் என்றுதான் குரூப்பில் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது.