அட்டவணையில் இல்லாத புத்தகம்

ஜூலை 2, 2024, செவ்வாய்

நான் நூலகராக இருக்கும் கிறிஸ்தவக் கல்லூரிக்கு நாளை முதலாண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் சிற்றாலய ஆராதனை முடிந்ததும் நூலகத்தைத் திறந்து, அண்ணாச்சியும் நானும் மேசைகளைத் துடைத்தோம். அண்ணாச்சி எங்கள் நூலக உதவியாளர். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது கணினியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மதியம் எம்.ஏ. வரலாறு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். ஆய்வேட்டுக்கு, 19ஆம் நூற்றாண்டில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரைத் தலைப்பாக எடுத்திருக்கிறாள். அகிலத்திரட்டு அம்மானை அந்த வழியினரின் நூல். "அகிலத்திரட்டு அம்மானை இருக்கா மேடம்? ஓபாக்ல தேடினேன், இல்லன்னு வருது" என்றாள். நானும் அந்தக் கணினி அட்டவணையில் தேடினேன். வரவில்லை.

"சரி மேடம், பரவால்ல. நம்ம காலேஜ்ல அதெல்லாம் வாங்கமாட்டாங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குறையாகச் சொல்லவில்லை, வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. குமரி மாவட்டத்தில் இருக்கிற ஒரு கல்லூரி நூலகத்தில் அகிலத்திரட்டு இல்லாமல் இருக்குமா?

ஜூலை 3, புதன்

அறிமுக வகுப்பு நான்கு முறை எடுத்தேன், தொண்டை கட்டிவிட்டது. மின்னூல்களும் மின்னிதழ்களும் வாசிக்கத் தரும் என்-லிஸ்ட் கணக்குக்காக எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் வாங்கியாயிற்று. பாதிப் பேர் முகவரியைத் தவறாக எழுதியிருக்கிறார்கள். நாளை உட்கார்ந்து திருத்த வேண்டும்.

ஒரு பையன் எழுந்து, "மேடம், இங்க பைபிள் சம்பந்தமான புக்கு மட்டும்தான் இருக்குமா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் அறியத்தான் கேட்டான். கூட்டிக்கொண்டு போய் இயற்பியல் தட்டைக் காட்டினேன்.

ஜூலை 5, வெள்ளி

கிடைத்துவிட்டது!

கணினியை விட்டுவிட்டு பழைய வரவுப் பதிவேடுகளை எடுத்தேன். கையால் எழுதிய பெரிய நோட்டுகள். எழுபதுகளின் பதிவேட்டில் ஒரே வரியாக, நீல மையில் அகிலத்திரட்டு இருந்தது. வகை எண் 398.2. போய்ப் பார்த்தால் தாலாட்டுப் பாடல்களுக்கும் விடுகதைத் தொகுப்புக்கும் நடுவில் நிற்கிறது.

கணினியில் ஏன் வரவில்லை என்பதும் புரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எல்லாப் புத்தக விவரங்களையும் கணினியில் ஏற்றும் வேலையை வெளியில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. அகிலத்துக்கு ஒருவர் கே போட்டால் இன்னொருவர் ஜி. ழகரத்துக்கு ஒருவர் இசட் எச், இன்னொருவர் வெறும் எல். பிறகு வந்த சில நூறு பதிவுகள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. இப்போது கோஹா என்ற நூலக மென்பொருளில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரிகின்றன. தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைத் தமிழில் தேடினால் "இல்லை" என்று பதில் சொல்கிற அட்டவணையைத்தான் இத்தனை வருடம் வைத்திருந்தோம். பொறுப்பில் இருக்கும் எனக்கும் இதில் பங்கு உண்டு.

மாணவியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறக்கும் முன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து, "398ன்னா என்ன மேடம்?" என்றாள். நாட்டுப்புறவியல் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்க பாட்டிக்கு இது வேதம்" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

1706-ல் இதே நாளில்தான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஆராதனையில் அவருடைய அச்சகத்தையும் 1715-ல் முழுமையாக வந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் பற்றிப் பேசினார்கள். எனக்கு மனதில் ஓடியது வேறு. வந்து இரண்டே ஆண்டில், 1708-ல், தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு அவர் ஒரு பட்டியல் போட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். கிறிஸ்தவ நூல்கள் மட்டும் இல்லை, சைவ, வைணவ, சமண, இஸ்லாமிய நூல்களும் அதில் உண்டு. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பும் எழுதினார். சமயம் மாற்ற வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் இந்த ஊர்க்காரர்கள் வாசித்ததை வாசித்தார், பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியில் இருந்த மேலாளர்கள் அச்சிடவில்லை. 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக அது கையெழுத்துப் படியாகவே கிடந்திருக்கிறது.

ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் நூலகர் என்ற முறையில் எனக்கு முன்னோடி என்றால் அந்தப் பட்டியலைப் போட்ட சீகன்பால்க்தான்.

ஜூலை 11, வியாழன்

அகிலத்திரட்டின் வகை எண்ணை எங்கே மாற்றுவது? புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்க நாங்கள் பின்பற்றும் டூயி பகுப்பு 1876-ல் அமெரிக்காவில் உருவானது. 200 சமயம். அதில் 220 முதல் 280 வரை விவிலியமும் கிறிஸ்தவமும் விரிந்து கிடக்கின்றன. உலகத்து மற்ற எல்லாச் சமயங்களும் 290-க்குள். பௌத்தம் 294.3, சமணம் 294.4, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. எங்கள் நூலகத்தில் இதை அலமாரியிலேயே பார்க்கலாம். கிறிஸ்தவத்துக்கு ஒரு சுவர் முழுக்க. மற்றவற்றுக்கு ஜன்னலோரம் இரண்டே அலமாரி, புத்தகங்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் கும்பிடுகிற சாமியெல்லாம் அந்த இரண்டு அலமாரியில்தான்.

மாணவியிடம் கேட்டேன். "சர்டிபிகேட்ல இந்துன்னுதான் மேடம் இருக்கு. ஆனா தாங்கல்ல சிலை கிடையாது, கண்ணாடிதான்" என்றாள். அய்யாவழியினர் வழிபடும் இடமான நிழல்தாங்கலில் கண்ணாடிக்கு முன் நின்று கும்பிடுவதை நானும் பார்த்திருக்கிறேன். வேறெங்கும் இடம் பெறாத சமயங்களுக்கான 299 கொடுத்தால் தனிச் சமயம் என்று நூலகம் தீர்ப்புச் சொன்னது போலாகிவிடும். 294.5 என்று மட்டும் போட்டால் தனி வழி என்பது மறைந்துவிடும். சமயப் பிரிவுகளுக்கும் சீர்திருத்த இயக்கங்களுக்கும் உரிய 294.55-ல் வைத்து, பொருள் தலைப்பை "அய்யாவழி" என்று தனியாகக் கொடுத்தேன். நாளைக்கு யாராவது இதைவிட நல்ல இடம் சொன்னால் மாற்றுவேன். பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

1859-ல் இதே தேதியில் திருவிதாங்கூர் அரசு தோள்சீலைப் பிரகடனம் வெளியிட்டது. நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் இன்று கூட்டமாக வந்தார்கள். எல்லோர் கையிலும் செல்பேசியில் ஒரே கட்டுரை. அதைக் குறை சொல்லவில்லை, மூலத்தை யாரும் காட்டாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பூட்டிய அலமாரியைத் திறந்து லண்டன் மிஷனரி சங்கத்தின் பழைய அறிக்கைத் தொகுதிகளை வெளியே எடுத்தேன். தாள் அப்பளம் மாதிரி ஒடிகிறது. பூச்சி துளைத்த ஓட்டை ஒரு பக்கத்தில் தொடங்கி முப்பது பக்கம் தாண்டிப் போகிறது. முன்பு யாரோ கிழிசலில் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். பசை பழுப்பேறி எழுத்தை மறைத்துவிட்டது. புத்தகத்துக்கு யாரும் செல்லோ டேப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் போதும்.

அய்யாவழி மாணவிக்கு இது பெரிய கண்டெடுப்பு. அந்தச் சங்கத்தின் 19ஆம் நூற்றாண்டு அறிக்கைகளில் வைகுண்டர் "முத்துக்குட்டி" என்ற பெயரில் வருகிறார். தங்கள் வேலைக்கு இடைஞ்சலாக ஒரு கூட்டம் வளர்கிறது என்ற கோபத்தோடு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோபத்திலேயே அந்தக் கூட்டம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதும் பதிவாகிவிட்டது. வாசிக்க வாசிக்க அவள் முகம் சுருங்கியது. "இப்படியா எழுதுவாங்க?" என்றாள். எழுதியிருக்கிறார்கள் என்றேன். அகிலத்திரட்டு 1841-ல் எழுதப்பட்டதாகச் சொல்கிறார்கள். 1939-ல் அச்சேறியது. அந்த ஏட்டையும் இந்த அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசி, அது உன் ஆய்வேட்டின் ஒரு இயலாகும் என்றேன். பக்கங்களைப் பிளாஷ் போடாமல் படமெடுத்துக்கொள்ளவும் சொன்னேன். எங்களிடம் இல்லாத ஆண்டுகளுக்கு, மூல ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஸோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. மிஷன் ஆவணங்களுக்குப் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகமும் உண்டு. இருவருக்கும் கடிதம் எழுதினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தலைப்புகளைத் தமிழ் எழுத்தில் மாற்றும் வேலையை நானே தொடங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது பதிவு என்று கணக்கு. முடிய இரண்டு ஆண்டாவது ஆகும்.

எங்கள் சொந்தத் தட்டிலேயே பள்ளம் இருக்கிறது. ஒரு கத்தோலிக்க மாணவி "விடுதலைப் பயணம்" பற்றி விளக்கவுரை கேட்டாள். அட்டவணையில் ஒன்றும் வரவில்லை. எங்களிடம் ஆறு இருக்கின்றன, எல்லாம் "யாத்திராகமம்" என்ற பெயரில். 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் அது விடுதலைப் பயணம், ஆதியாகமம் தொடக்கநூல், சங்கீதம் திருப்பாடல்கள். ஒரு வீட்டில் வேதாகமம், அடுத்த வீட்டில் விவிலியம். ஒரே கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வாழ்கிற இரண்டு கிறிஸ்தவர்களுக்குள்ளேயே அட்டவணை ஒருவர் பேச்சை மட்டும் கேட்டிருக்கிறது! மாலை வரை உட்கார்ந்து அறுபத்தாறு ஆகமங்களுக்கும் இரண்டு பெயரையும் இணைத்து "காண்க" குறிப்புப் போட்டேன். கத்தோலிக்கர் பயன்படுத்தும் இணைத் திருமுறை நூல்கள் பாக்கி.

ஆகஸ்ட் 12, திங்கள்

நூலகர் தினம். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும், சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணிதம் படித்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். அது அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1933-ல் அவரே உருவாக்கிய கோலன் நூற்பகுப்பு. அவர் பகுப்பில் சமயங்களுக்கு வேத சமயத்தில் தொடங்கி வரிசை எண் உண்டு. இந்து 2, சமணம் 3, பௌத்தம் 4, யூதம் 5, கிறிஸ்தவம் 6, இஸ்லாம் 7. இவர்களில் யாரும் யாருடைய மிச்சத்திலும் இல்லை. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஒரு தமிழர் 90 ஆண்டுக்கு முன்பே செய்துவிட்டார். நாங்கள் இன்னும் டூயியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், இத்தனை ஆயிரம் புத்தகத்துக்கு எண் மாற்ற ஆளும் பணமும் இல்லை.

பிள்ளைகளுக்கு விதிகளில் இரண்டை மட்டும் சொன்னேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். கேக் வெட்டினோம். அண்ணாச்சிக்குச் சால்வை போட்டோம், அவர் கண் கலங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நூலகக் குழுக் கூட்டம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் கோப்புக்கான வருகைப் பதிவு, வாங்கிய நூல் கணக்கு எல்லாம் ஒப்படைத்தேன். ஒரு மூத்த உறுப்பினர், "அய்யாவழிக்குத் தனித் தலைப்பு எதற்கு? நம்முடைய நோக்கம் வேறு அல்லவா" என்று கேட்டார். நல்ல மனிதர், பகையோடு கேட்கவில்லை. நான் சீகன்பால்க்கின் பட்டியலைச் சொன்னேன். பிறகு, "சார், இந்தப் பிள்ளை நம்மிடம் கட்டணம் கட்டிப் படிக்கிறாள். அவள் பாட்டியின் வேதத்தை நாம் விடுகதைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். நம் வேதாகமத்தை வேறொரு நூலகம் அப்படி வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டது. அவர் யோசித்துவிட்டு, ஜன்னலோர அலமாரிக்கு இன்னும் ஒன்று வாங்க முன்மொழிந்தார். நிறைவேறியது.

செப்டம்பர் 10, செவ்வாய்

புது அலமாரி வந்துவிட்டது. இரும்புதான், நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் மரம் தாங்காது.

மாணவி ஒரு தாள் கொண்டுவந்தாள். பாட்டியும் தாங்கலில் உள்ளவர்களும் அந்த நூலை என்னென்ன பெயரில் சொல்வார்கள் என்று எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தேன். அகிலம், அகிலத்திரட்டு, ஏடு, திருஏடு. நான்கையும் பதிவில் ஏற்றினேன். "ஏடு" என்று தட்டிப் பார்த்தாள், வந்தது.

போகும்போது தயங்கி நின்றாள். கார்த்திகையில் தாங்கலில் பதினேழு நாள் ஏடு வாசிப்பு. அவர்களுடைய பழைய அச்சுப் பிரதியைப் பூச்சி அரிக்கிறதாம், என்ன செய்யலாம் என்று பாட்டி கேட்கச் சொன்னாராம். வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, மிளகு எல்லாவற்றையும் காயவைத்துப் பொடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்து, மெல்லிய துணியில் முடிந்து புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நாங்களும் அந்த மிஷன் அறிக்கைகளுக்கு அதைத்தான் வைக்கிறோம். அண்ணாச்சி உள்ளே போய், அறிக்கைகளுக்காகத் தைத்து வைத்திருந்த முடிச்சுகளில் நான்கை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.